பெரியமேட்டு எருமைத்தோலும் சிகாகோ குதிரைத்தோலும்

சவரக்கத்தி வாங்கத் துணிந்தவர்கள் கத்தியைப் பற்றி மாதக்கணக்கில் படிப்பார்கள். சோலிங்கனா ஷெஃபீல்டா, கார்பன் எஃகா துருப்பிடிக்காத எஃகா, ஐந்தெட்டா ஆறெட்டா என்று அலசித் தீர்ப்பார்கள். தோல்வார் என்று வரும்போது மட்டும், கத்தியோடு சேர்த்து விற்கிற ஏதோ ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கணக்குப் பார்த்தால் இது தலைகீழ். கத்தி கல்லில் ஏறுவது சில மாதங்களுக்கு ஒருமுறைதான். வாரில் ஏறுவதோ ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால். வார் மோசமானால், ஊசிமுனை போலக் கல்லில் ஏற்றி வைத்த கூர் நாலைந்து சவரத்திலேயே போய்விடும். பழி என்னவோ கத்தியின் மேல் விழும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு எழுந்துபோகலாம். முதல் வாருக்குப் பெரிய பணம் போடாதீர்கள். மலிவுத் தொகுப்புகளில் வருகிற வாரையும் தொடாதீர்கள். சென்னையில் இருப்பவருக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது: பெரியமேட்டில் நல்ல தோலாகப் பார்த்து வாங்கி, நீங்களே வெட்டிச் செய்துகொள்வது. கைவேலை வராதவர்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடித்துவிடலாம்.

நான் ஒப்பிட்டுப் பார்த்தவை நான்கு. இணையக் கடையில் கத்தி, பிரஷ், கிண்ணத்தோடு ஒரே பெட்டியில் வந்த வார் ஒன்று. ஜெர்மனியில் செய்த மாட்டுத்தோல் வார் ஒன்று. நண்பர் ஒருவர் பெரிய மனது பண்ணி இரவல் கொடுத்த குதிரைத்தோல், அதாவது கார்டவன் வார் ஒன்று. நானே செய்த எருமைத்தோல் வார் ஒன்று. நான்கிலும் ஓடியது ஒரே கத்தி: ஐந்தெட்டு அகலத்தில், முதுகிலிருந்து வாய் வரை சுமார் 16 மி.மீ. உள்ள, இரு பக்கமும் குழிவாகச் சாணை பிடித்த பழைய சோலிங்கன் கார்பன் எஃகுக் கத்தி. ஒரு வாரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் அதே நுண்கல்லில் ஏற்றி முடித்த பிறகே தோலுக்குப் போனேன். இல்லாவிட்டால் முந்தைய வாரின் புண்ணியமோ பாவமோ அடுத்ததன் கணக்கில் ஏறிவிடும்.

வெறும் தோல் எஃகை என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். முடி எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடை மழுக்கிவிடுகிறது. எப்படி என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிப் பார்த்து, 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். கூர் மெல்ல மெல்ல உருண்டு தேய்வதைவிட, கண்ணுக்குத் தெரியாத சில்லுகளாகப் பெயர்வதுதான் பெரிய சேதம் என்பது அவர்கள் கண்டது. முடி வளைந்துகொடுத்து, வாயைச் சாய்வாகச் சந்திக்கிற இடத்தில், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத ஒரு புள்ளி வாய்த்துவிட்டால் அங்கே சில்லு தெறிக்கிறது. இன்னொரு பக்கம், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் 2004-இல் கத்தி தீட்டுவதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவருடைய நுண்ணோக்கிப் படங்களில், பசை எதுவும் தடவாத தோலால் பெரிய மாற்றம் தெரியவில்லை. குரோமியம் ஆக்சைடு தடவிய தோல்தான் பிசிறை எடுத்தது.

இதைப் படிக்கும்போது வார் என்பதே ஒரு சடங்கோ என்று தோன்றும். ஆனால் கல்லிலிருந்து நேரே முகத்துக்குப் போன கத்தியையும், தோலில் ஐம்பது சுற்று ஓடிவிட்டுப் போன கத்தியையும் அடுத்தடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது முடியை வெட்டும், கூடவே தோலையும் சுரண்டும். முகம் கழுவும்போது எரியும். இரண்டாவது நழுவிக்கொண்டு போகும். அரை மைக்ரானுக்கும் கீழே இருக்கிற ஒரு விளிம்பில், தோல் செய்கிற சின்ன வேலையே முகத்துக்குப் பெரிய வேலை. போன சவரத்தில் ஒட்டிய சோப்புப் படிவும் கார்பன் எஃகில் ஓரிரவில் பூக்கிற துருவும் வாரின் பின்பக்கத் துணியிலும் தோலிலும் போய்விடுவது வேறு.

அப்படியானால் வாரிடம் எதிர்பார்க்க வேண்டியது என்ன? மட்டமாக இருக்க வேண்டும். தடிமன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போகக் கூடாது. போனால் கத்தி கடந்ததும் தோல் மேலெழும்பி வாயைச் சுற்றிக்கொண்டு, கூரை உருட்டிவிடும். கடைசியாக, இழுவை. கத்தியைத் தோலில் ஓட்டும்போது கைக்குத் தெரிகிற அந்தப் பிடிமானம். இழுவை கூடினால் கூர் கூடும் என்று நம்புகிறவர்கள் பலர். எனக்கு அப்படித் தெரியவில்லை. இழுவை கைக்குச் செய்தி சொல்லும், அவ்வளவுதான். கத்தி படிந்து ஓடுகிறதா, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஓடுகிறதா என்பதை அதை வைத்தே அறியலாம்.

நம்மூர் சலூன்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, நாற்காலிக் கைப்பிடியிலோ சுவர் ஆணியிலோ மாட்டிய தோல்பட்டையில் சரக் சரக்கென்று கத்தி ஏறி இறங்கிய சத்தம் நினைவிருக்கும். வீட்டுக்கே வந்து சவரம் செய்தவர்களின் அடைப்பத்தில் கல்லும் வாரும் கட்டாயம் இருக்கும். எய்ட்ஸ் பற்றியும் ரத்தத்தில் தொற்றும் மஞ்சள் காமாலை பற்றியும் விழிப்பு வந்த பிறகு, ஆளுக்கொரு புது பிளேடு என்பது வழக்கமாயிற்று. பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகுகிற கத்தி வந்தது. நல்ல மாற்றம், பலரை நோயிலிருந்து காத்திருக்கும். அந்தக் கத்திக்கு வார் வேண்டாம். அதனால் இன்று சலூன்காரரிடம் போய் வார் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பெட்டியில் வந்த வாரை முதலில் முடித்துவிடலாம். அகலம் இரண்டு அங்குலத்துக்கும் கீழே, தடிமன் இரண்டு மி.மீ.கூடத் தேறாது. மேலே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அந்தப் பளபளப்பு தோலுடையது அல்ல, மேலே பூசிய பிளாஸ்டிக்குடையது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முத்தாக நின்றது, உள்ளே இறங்கவே இல்லை. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம்: குரோம் பதனிட்ட தோல். கத்தி அதன் மேல் சறுக்கிற்றே ஒழிய எங்கும் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் பூச்சு வெடித்து, நீளவாக்கில் இரண்டு ஓரமும் மேலே சுருண்டுகொண்டன. கல்லிலிருந்து வந்த கூரை அது கெடுக்கவில்லை, மேம்படுத்தவும் இல்லை. அதனுடன் ஒரு பச்சைப் பசைக் குச்சியும் வந்தது. எந்தப் பொடி, எத்தனை மைக்ரான் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. முகத்தில் வைக்கிற வாய்க்கு இப்படி ஊர் பேர் தெரியாத பசையைத் தடவுவதைவிட, தடவாமலே இருக்கலாம்.

ஜெர்மன் வார் வேறு தரம். இரண்டரை அங்குல அகலம், மூன்று மி.மீ.க்கு மேல் தடிமன், பின்னால் கெட்டியான லினன் துணி, பித்தளைக் கொக்கி. தாவரப் பதனிட்ட மாட்டுத்தோல். வாங்கிய புதிதில் கொஞ்சம் வறட்டுத்தனம் இருந்தது. தினமும் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே வந்ததில் பதமாயிற்று. நடுத்தரமான இழுவை, சீரான பரப்பு. குறை சொல்ல எதுவும் இல்லை. சுங்கத்தையும் அனுப்புச் செலவையும் சேர்த்துப் பார்க்கும்போது மட்டும்தான் முகம் சுளிக்கிறது.

இந்த வகை வார்களில் ‘ரஷ்யத் தோல்’ என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். அதற்கு ஒரு கதை உண்டு. உண்மையான ரஷ்யத் தோல், பட்டைச் சாற்றில் பதனிட்டு, பிர்ச் மரப்பட்டையிலிருந்து வடித்த எண்ணெய் ஏற்றியது. பூச்சி அண்டாது, ஈரம் தாங்கும், தனி வாசனை உண்டு. செய்முறை காலப்போக்கில் கைவிட்டுப் போயிற்று. 1786-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கிலிருந்து ஜெனோவாவுக்குச் சணலும் தோலும் ஏற்றிக்கொண்டு போன ‘மெட்டா கத்தரீனா’ என்ற கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகப் பகுதியில் மூழ்கியது. 1973-இல் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தபோது, சேற்றில் புதைந்திருந்த தோல் கட்டுகள் ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்குப் பிறகும் பயன்படுத்தும் நிலையில் இருந்தன. கலைமான் தோல்கள். அவற்றில் செருப்பும் பையும் செய்து விற்றார்கள். இன்று வாரின் மேல் அந்தப் பெயரைப் பொறிப்பவர்கள் தருவது பெரும்பாலும் நல்ல மாட்டுத்தோல்தான். அதில் தவறில்லை, பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காமல் இருந்தால் போதும்.

கார்டவனுக்கு வருவோம். இது மேல்தோலே இல்லை. குதிரையின் பின்புறத்தில், தோலுக்கு உள்ளே, முட்டை வடிவில் இரண்டு வட்டுகளாக இருக்கிற அடர்த்தியான நார்ப்படலம். அதைத் தனியாகப் பதனிட்டு, சீவி, கொழுப்பேற்றி, மெருகேற்ற வேண்டும். சிகாகோவில் 1905 முதல் இயங்கும் ஹார்வீன் நிறுவனம் இதற்குப் பேர் போனது. ஒரு துண்டு முடிய ஆறு மாதமாவது ஆகும். முடி முளைத்த துளைகளே இல்லாததால் பரப்பு அவ்வளவு மழமழப்பு. ஆனால் சறுக்கல் இல்லை. கத்தியை வைத்து இழுத்தால், ஈரக் கண்ணாடியில் விரலை இழுப்பதுபோல, மெல்லிய ஒரு தடை கடைசி வரை மாறாமல் வருகிறது. நீளம் முழுவதும் ஓரிடத்தில்கூட அந்தத் தடை கூடவோ குறையவோ இல்லை. தோல்வாருக்குப் பைத்தியம் பிடித்து அலைகிறவர்களை அதுவரை நான் கேலி பேசியதுண்டு. இதில் ஓட்டிய பிறகு கேலியைக் குறைத்துக்கொண்டேன்.

விலை? கார்டவன் வார் ஒன்றின் காசுக்கு, நல்ல பழைய சோலிங்கன் கத்தியும் அதை ஏற்ற ஒரு கல்லும் வாங்கி, மிச்சத்தில் சோப்பும் வாங்கலாம். அதோடு, புதிதாகக் கற்கிறவர் கை திருப்பும்போது எப்படியும் ஓரிரு இடத்தில் வாரை வெட்டிவிடும். நண்பர் இரவல் கொடுக்கும்போது, “வெட்டினா புதுசு வாங்கித் தரணும்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பில் கண்டிப்பு இருந்தது.

இனி பெரியமேடு. சென்னையில் தோல் வணிகம் நடக்கிற இடம் அதுதான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் பகுதி ஊர்களில் பதனிட்ட சரக்கு இங்கே வந்து குவியும். முந்தைய காலத்தில் சென்னையிலிருந்து கப்பலேறிய தோலுக்கு ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று உலகச் சந்தையில் பெயர். ஆவாரம் பட்டையில் பதனிட்டு, கடுக்காய் கொடுத்து முடித்தது. பிறகு ஆவாரம் போய் வாட்டில் மரப்பட்டை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலுக்கு வழிபோட்டார். இன்று கடைகளில் இருப்பதில் பெரும்பங்கு குரோம் தோல்தான்: காலணிக்கும் கைப்பைக்கும் ஏற்ற, மிருதுவான, வேகமாகத் தயாராகிற சரக்கு. வாருக்கு அது உதவாது. மிருதுவாக இருப்பதும் இழுத்தால் நீள்வதும்தான் அதன் குணம். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் எதிர்.

கடையில் நடந்த பேச்சு இப்படி.

“என்ன சார், பெல்ட்டுக்கா?”

“இல்ல பாய். சவரக்கத்தி தீட்டுற வாருக்கு.”

“அதெல்லாம் இன்னும் இருக்கா?” என்றார். பிறகு, “குரோம் வேணாம், வெஜ் டான் எடுங்க. பெல்ட் போடுற பஃப் இருக்கு, கான்பூர் சரக்கு” என்று உள்ளேயிருந்து ஒரு பக்கத்தை எடுத்து விரித்தார்.

கான்பூர் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் பேர் போன ஊர். குதிரைக்கு மாட்டுகிற தோல் இழுபடாமல் இருக்க வேண்டும் என்பதால் அங்கே எருமைத்தோலைத் தாவரப் பதனத்தில் தடிமனாகவே முடிக்கிறார்கள். வாருக்கும் அதே குணம்தான் தேவை. தெற்கத்திய வெஜ் டான் சரக்கில் கையில் பட்டவை மெல்லியவை. பலகையில் ஒட்டுவதற்கு நன்றாக வரும், தொங்கவிடுவதற்குக் காணாது. செருப்பின் அடித்தோலையும் எடுத்துக் காட்டினார். அது தடி மாதிரி விறைத்து நின்றது. வேண்டாம் என்று தள்ளிவைத்தேன்.

தோலை எடுக்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. முதுகுப் பகுதியாக இருக்க வேண்டும். வயிற்றுப் பகுதி தொளதொளவென்று இருக்கும், கொஞ்ச நாளில் அலை அலையாகிவிடும். முதுகெலும்பு போகிற திசையிலேயே நீளவாக்கில் வெட்டினால் இழுபடாது. உண்ணி கடித்த குழி, முள் கிழித்த தழும்பு, சூடு போட்ட தடம் எதுவும் நடுவில் வரக்கூடாது. சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். வெட்டிய ஓரம் உள்வரை ஒரே பழுப்பாக இருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் அந்த இடம் கறுத்து, உறிஞ்ச வேண்டும். கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக் கோபித்துக்கொள்ள மாட்டார். தெரிந்து வாங்குகிறவன் என்று ஒரு டீ சொல்வார். என் துண்டு மூன்றரை மி.மீ. தடிமன். எருமைத்தோலின் துளைகள் மாட்டுத்தோலைவிடப் பெரியவை, பரப்பில் ஒரு சொரசொரப்பு உண்டு. அதைச் சரிசெய்வதில்தான் வேலையின் பாதி.

75 மி.மீ. அகலம், 55 செ.மீ. நீளம் என்று அளவு வைத்தேன். கத்தியின் வாய் நீளம் ஏறக்குறைய மூன்று அங்குலம். வாரும் அதே அகலம் இருந்தால் நேராக இழுத்தாலே போதும். குறுகிய வாரில் குறுக்காக இழுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அது பழகினால் எளிது, பழகும்வரை படுத்தும். எஃகு அளவுகோலைப் பதித்து வைத்து, புதுப் பிளேடு மாட்டிய கட்டரால் ஒரே இடத்தில் நாலைந்து முறை லேசாகக் கீறினால் சுத்தமாகப் பிரிந்துவிடும். ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் ஓரம் கோணும்.

பிறகு மேல்புறத்தை ஈரத்துணியால் ஒற்றி, சாப்பாட்டு மேசைக் கண்ணாடியின் மேல் விரித்து, கனமான கண்ணாடி பாட்டிலை எடை கொடுத்து முன்னும் பின்னும் உருட்டினேன். துளைகள் அடங்கி நார்கள் இறுகிக்கொள்ளும். உருட்ட உருட்டப் பரப்பு கறுத்து, மங்கலாக ஒரு மினுமினுப்பு வரும். நிழலில் ஒரு நாள் காய்ந்த பிறகு 600 நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, எடை கொடுக்காமல் தேய்த்து, மறுபடி பாட்டில். உப்புத்தாளின் துகள் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் உறுத்துகிறதா என்று தெரியும். ஓரங்களைக் கொஞ்சம் மழுக்கி, தண்ணீர் தொட்டு மரக்கட்டையால் தேய்த்தால் பளபளவென்று மூடிக்கொள்ளும்.

மேல்முனைக்கு வளையம் கோர்க்கும் வேலையைத் தெருமுனையில் செருப்பு தைக்கிற அண்ணனிடம் கொடுத்தேன். “நூல் போட்டா பிரிஞ்சாலும் பிரியும், ரிவிட் அடிச்சுடுறேன் தம்பி” என்று இரண்டு வரிசையாக அடித்துக் கொடுத்தார். கீழ்முனையை மடித்து அவரே ஒரு கைப்பிடியும் தைத்துவிட்டார். அது நான் கேட்காதது, ஆனால் இன்று அது இல்லாமல் முடியாது. வாரை விறைப்பாக இழுத்துப் பிடிக்க நல்ல பிடி வேண்டும்.

துணிப் பக்கத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் பழைய தீயணைப்புக் குழாயின் லினன் உறையை வெட்டிப் போடுவார்கள். கார் சீட் பெல்ட்டைப் போடுபவர்களும் உண்டு. நமக்கு அதைவிட நல்லது கையிலேயே இருக்கிறது: நாடாக் கட்டிலுக்குப் பின்னுகிற தடித்த பருத்தி நாடா. அகலமும் கிட்டத்தட்டச் சரியாக அமைந்துவிடுகிறது. கஞ்சி போக வெந்நீரில் அலசி, இஸ்திரி போட்டு, வெள்ளை சோப்பை உலர்வாகத் தேய்த்து, மறுபடி பாட்டிலால் உருட்டினால் நல்ல துணிவார்.

சவரத்தில் என்ன தெரிந்தது? பெட்டி வாரை விட்டுவிடுவோம். மற்ற மூன்றுக்கும் கன்னத்தில் வித்தியாசமே இல்லை. கழுத்தில், முடி பக்கவாட்டில் படுத்து வளர்கிற இடத்தில், கார்டவனில் ஓடிய கத்தி கொஞ்சம் மென்மையாக இருந்தது போலத் தோன்றியது. மேலுதட்டிலும் அப்படியே. ஆனால் எந்த வாரில் தீட்டியது என்று சொல்லாமல் கையில் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொன்னால் நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஜெர்மன் வாருக்கும் எருமைக்கும் இடையே முகத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது: எருமையில் இழுவை கூடுதல், அதனால் வேகமாக ஓட்ட முடியாது. கற்றுக்கொள்கிறவருக்கு அது நல்லதுதான். வேகமாக ஓட்டினால்தான் வார் கிழிகிறது. அவிழ்த்துச் சுருட்டி வைத்தால் சுருள் நினைவு பிடித்துக்கொள்வது மட்டும் எருமையின் குறை. தொங்கவிட்டே வைக்க வேண்டும்.

ஓட்டும் முறையைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாரின் தரத்தில் பாதி ஓட்டுகிற கையில் இருக்கிறது. கத்தியின் முதுகு முன்னால் போக, வாய் பின்னால் இழுபட வேண்டும். முதுகும் வாயும் இரண்டும் தோலில் படிந்திருக்க வேண்டும்; கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும், மணிக்கட்டு குறுக்கிடக் கூடாது. கத்தியின் எடையே அழுத்தம். கடைசியில் திருப்பும்போது முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல், வாய் மட்டும் மேலெழுந்து மறுபக்கம் விழும்படி விரல்களால் உருட்ட வேண்டும். வாயின் மேல் உருட்டினால் வாரும் போச்சு, கூரும் போச்சு. வாரைத் தொய்யவிட்டால் கத்தி குழிக்குள் ஓடும், விளிம்பு வட்டமாகும். முதலில் துணியில் இருபது முப்பது சுற்று, அப்புறம் தோலில் ஐம்பது அறுபது. போய் வருவது ஒரு சுற்று. சவரம் முடிந்து துடைத்த பிறகு துணியில் பத்து சுற்று ஓட்டிவைத்தால் துரு அண்டாது.

வெட்டு விழுந்தால் பதற வேண்டாம். ஓரத்தில் விழுந்த கீறலை உப்புத்தாளால் தேய்த்தால் மறையும். நாக்கு மாதிரி எழும்பி நிற்கிற வெட்டுக்கு, ரப்பர் பசையை ஊசியால் உள்ளே விட்டு, அழுத்திக் காயவைத்து, மட்டமாகத் தேய்த்துவிட்டால் போதும். வாரின் நடுவில் குறுக்காக ஆழ வெட்டு விழுந்தால் மட்டும் அந்தத் தோல் தொங்கவிட லாயக்கில்லை. நல்ல பாகத்தை வெட்டியெடுத்துப் பலகையில் ஒட்டலாம்.

எண்ணெய் விஷயத்தில் நம்மவர்கள் தாராளம். தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்தால் தோல் பளபளக்கும், உள்ளே பஞ்சாகிவிடும். சில மாதத்தில் சிக்கு வாடையும் வரும். மேல்நாட்டில் இதற்கென்று பயன்படுத்தும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய், மாட்டின் கால் எலும்பிலிருந்தும் பாதத்திலிருந்தும் எடுப்பது. அதுவும் வருடத்துக்கு ஓரிரு சொட்டைத் துணியில் தொட்டுத் தடவுகிற அளவுக்குத்தான். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அதுகூட வேண்டியதில்லை. உள்ளங்கை எண்ணெயே போதும். இங்கே தோலுக்கு எதிரி வறட்சி இல்லை, ஐப்பசி கார்த்திகை. குளியலறையில் வாரை மாட்டிவைத்தால் மழைக்காலத்தில் வெண்பூஞ்சை படர்ந்துவிடும். காற்றோட்டமான அறைக் கதவின் பின்னால் மாட்டுங்கள். பூஞ்சை வந்தால் உலர்ந்த துணியால் வெளியில் வைத்துத் துடைத்து, நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் கருவாடாகிவிடும்.

வாருக்கு வெட்டியது போக மிஞ்சிய தோலை வீணாக்க வேண்டாம். மட்டமான ஒட்டுப்பலகையில் சதைப்புறம் கீழே இருக்க ரப்பர் பசை போட்டு ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை ஓர் இரவு அடுக்கிவைத்தால் பலகை வார் தயார். பசை தடவுவதற்கு அதுதான் சரியான இடம்; பலகையில் தோல் தொய்யாது, கூர் உருளாது. அரை மைக்ரான் குரோமியம் ஆக்சைடுப் பொடி என்று அளவு எழுதி விற்பதை மட்டும் வாங்கி, விரல்நுனியில் தொட்டு, கோலப்பொடி மாதிரிக் கொட்டாமல், நிறம் தெரியும் அளவுக்கு மட்டும் தேய்க்க வேண்டும். சவரம் இழுக்க ஆரம்பிக்கும்போது அதில் பத்துச் சுற்று; உடனே கத்தியை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தொங்கு வாருக்குப் போக வேண்டும். அந்தப் பச்சைப் பொடி ஒருமுறை சுத்தமான தோலில் ஏறிவிட்டால் இறங்காது. பலகையின் பின்புறத்தில் மார்க்கரால் பெரிதாகப் ‘பசை’ என்று எழுதி, தொங்கு வாருக்குப் பக்கத்தில் மாட்டாமல் அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.